அமாவாசையில் தொட்டது யார்?

ஆரணியில் பட்டப்பகலில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஊரில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் அமாவாசை என்று அர்த்தம். அன்றைக்கு ஆடி அமாவாசை. அதற்காக விபரீதம் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

தெரு நெடுகத் தறிகள் துணி போர்த்திக்கொண்டு கிடந்தன. அமாவாசையில் நெசவாளி தறியைத் தொடமாட்டான். தொழில் சாமான் எதையும் தொடமாட்டான். அந்த வெறிச்சோடிய தெருவில் ஹேமலதாவின் செருப்புச் சத்தம் முன்னால் போக, தீனா பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தான்.

“இன்னா மேடம் இது, ஊரே மூச்சைப் புடிச்சிகினு உக்காந்திருக்குது?”

“நீயும் கொஞ்ச நேரம் புடிச்சிகினு வா. எனக்குப் புண்ணியமாப் போவும்.”

ஹேமலதா ஒரு காலத்தில் போலீஸ். காக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். அந்த ஆபீஸின் டிரைவர், டைப்பிஸ்ட், டீ வாங்கி வருபவன் எல்லாம் தீனா ஒருவனே. வாய் மட்டும் அவனுக்குத் தனி டிபார்ட்மென்ட். வெள்ளைக்காரன் பாஷையில் பட்டன், ஜன்னல் எல்லாம் வைத்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தான். இதுவரை அவன் அங்கே கற்றுக்கொண்டது, வகுப்புக்கு எதிரில் இருக்கும் கடையில் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்பதுதான்.

சம்பந்தம் முதலியாரின் வீட்டு கேட்டருகே ஒரு மனிதர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. சேவூரில் கூலி வேலைக்குப் போகும் சின்னதுரை. அவர் மகள் நிலா எம்.சி.ஏ. படித்தவள், சம்பந்தத்தின் பட்டு வியாபாரத்துக்குப் புடவைக் கரை டிசைன் போட கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தவள் வீடு திரும்பவில்லை. அவரே பஸ் ஏறி வேலூருக்கு வந்து ஹேமலதாவின் மேஜை மேல் மகளின் போட்டோவை வைத்து அழுதிருந்தார்.

“போலீசுக்குப் போயிருக்கலாமே?” என்றாள் ஹேமலதா.

“போறேன்னுதாங்கம்மா கெளம்பினேன். மொதலாளி அய்யாதான் தடுத்தாரு. வயசுப் பொண்ணு, ஸ்டேஷன், கோர்ட்டுன்னு போனா பேரு கெட்டுப்பூடும், நானே ஆளு வெச்சுத் தேடித் தரேன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு…” அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். “உசுரோட இருக்குறாளா, அத மட்டும் சொல்லிடுங்கம்மா.”

“உள்ள வாங்க.”

“நான் இங்கயே நிக்கிறேங்கம்மா. உள்ள வந்து பழக்கமில்ல.”

ஹேமலதா அவரை ஒரு கணம் பார்த்தாள். கேட்டைத் தள்ளினாள்.

சம்பந்தம் வாசலுக்கே வந்து வரவேற்றார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, குரலில் வெண்ணெய். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நிலாவின் பெயரை எடுத்ததும் கண் கலங்கினார்.

“என் பொண்ணு மாதிரிம்மா அவ. ஆனா பாருங்க, எங்க கைத்தறி டிசைன் எல்லாம் எங்கியோ பவர்லூம்ல ஓடிகினு இருக்குது. மெஷின்ல ஓட்டிட்டு கைத்தறின்னு விக்கிறானுங்க. எடுத்துக் குடுத்தது நிலாதான்னு மச்சான் சொல்றான். என் மனசு ஒப்பல.”

மச்சான் என்றது அவர் மனைவியின் தம்பி ராஜ்குமாரை. கடை நிர்வாகம் அவன் கையில். கதவில் சாய்ந்துகொண்டு இவர்களை ஏதோ வாடகை பாக்கிக்கு வந்தவர்களைப் போலப் பார்த்தான். ஆடி அமாவாசையும் அதுவுமாய் அவன் பக்கத்திலிருந்து ஆம்லெட் வாசனை அடித்தது. தீனாவுக்கு ஆளைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. ஆம்லெட்டை மட்டும் பிடித்தது.

“ஓடிப்போன பொண்ணைத் தேடி இங்க இன்னாத்துக்கு வந்தீங்க? பஸ் ஸ்டாண்டுல போய்த் தேடுங்க,” என்றான் ராஜ்குமார்.

“பஸ் ஸ்டாண்டுல அவ எழுதுன புரோகிராம் இல்லியே சார்,” என்றாள் ஹேமலதா. “அதைக் காட்டுங்க.”

டிசைன் அறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு குண்டு மானிட்டர், இரண்டு நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே கிணறும், தென்னையும், தூரத்தில் பாழடைந்த ஒரு ஓட்டுக் கொட்டகையும். சுவரில் ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதில் மூன்று ஒயர்கள் செருகியிருந்தன.

“ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு ஒயரா?” என்றான் தீனா. “எங்க வூட்டு ஃபேனுக்கு ஒண்ணே ஒழுங்கா இல்ல.”

“முன்ன மூணு கம்ப்யூட்டர் இருந்துச்சு. ரெண்டத் தூக்கியாச்சு. ஒயரு சும்மா கெடக்குது.”

“இந்த ரெண்டாவது நாற்காலி?”

“அடுத்த ரூம்ல இருந்த சுபலட்சுமின்னு இன்னொரு பொண்ணோடது. கல்யாணம் ஆகி பெங்களூர் போயிடுச்சுன்னு மாமா சொன்னாரு. போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கூடச் சொல்லிக்கல.” ராஜ்குமார் தோளைக் குலுக்கினான். “ரெண்டும் ஜோடிப் புறா. வேற வேற ரூம்ல உக்காந்துகினு, டீ வந்தா நடுச் செவுத்தத் தட்டி ஒண்ணுக்கொண்ணு சிக்னல் குடுத்துக்கும். ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ரெண்டு தட்டு. வேலை பாக்குதுங்களா, தந்தி அடிக்குதுங்களான்னு நானே கத்தியிருக்கேன்.”

திரையில் ஒரு மயில் கரை விரிந்திருந்தது. கீழே மூன்று பட்டன்கள். ‘புதுசு’, ‘சேமி’, ‘அட்டை’. ஓரத்தில் குங்குமப் பொட்டளவு ஒரு மஞ்சள் வட்டம்.

“அட்டைன்னா?”

“தறி மேல ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை போட்ட அட்டை போவும் இல்ல? டிசைன அந்த ஓட்டைக் கணக்கா மாத்துறது. இத அழுத்துனா ஒரு துண்டு தயாராவும். இப்டி.” ராஜ்குமார் மவுஸைப் பிடித்து அழுத்தினான். மஞ்சள் பொட்டு ஒரு தரம் சிவந்து மறுபடி மஞ்சளானது.

வாசற்படியில் நின்ற சம்பந்தம் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாகத் துடித்தார். “டேய், ஆடி அமாவாசை! தொழில் சாமான்ல கை வெக்கிறியே, வெளங்குமாடா?”

“கம்ப்யூட்டருக்கு ஏது மாமா அமாவாசை?”

“எல்லாம் தறிதான்டா.” அவர் அலுத்துக்கொண்டு ஹேமலதாவிடம் திரும்பினார். “பாருங்கம்மா, நான் போய்க் காக்காவுக்குச் சோறு வெச்சிட்டு வந்துடறேன். படையல் அப்படியே இருக்குது.”

அவர் போனார். தீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரை அசையாமல் அவனைப் பார்த்தது.

“ஓடலையா அது?” என்றாள் ஹேமலதா.

“ஓடிகினுதான் மேடம் இருக்குது. காத்துகினு இருக்குது.”

“தமிழ்ல சொல்லு.”

தீனா தொண்டையைக் கனைத்துக்கொண்டான். வகுப்பில் இதைச் சொல்லத் தெரியாமல்தான் போன வாரம் முழித்தான். “பழைய புரோகிராம் எல்லாம் ரயிலு மாதிரி மேடம். காட்பாடில கெளம்பிச்சுன்னா ஸ்டேஷன் ஸ்டேஷனா போயிகினே இருக்கும். இது ஆட்டோ ஸ்டாண்டு. டிரைவர் பேப்பர் படிச்சிகினு உக்காந்திருப்பான். யாராச்சும் வந்து ‘ஆட்டோ’ன்னு கூப்டாத்தான் எழுந்திருப்பான். பட்டனத் தொடுறது இருக்குது பாருங்க, அதான் கூப்புடறது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு டிரைவர். தொட்டா அவன் வேலையச் செஞ்சிட்டு வந்து மறுபடி குந்திக்குவான்.”

“தொடலைன்னா?”

“சாயங்காலம் வரைக்கும் பேப்பர்தான்.”

“அந்தப் பொட்டு?”

அதுதான் தீனாவுக்கும் புரியவில்லை. நிலா எழுதிய வரிகளைத் திறந்தான். பாதி புரிந்தது, பாதி கண்ணைக் கட்டியது. ‘அட்டை வெட்டு’ என்று பேர் வைத்த வேலைக்கு நேர் மேலே, தலைப்பாகை மாதிரி ஒரு வரி. ஒரு சுழித்த குறி. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வார்த்தை. சாட்சி.

தீனா நிமிர்ந்து உட்கார்ந்தான். “அட! டெக்கரேட்டர்!”

“பந்தல் போடறவனா?”

“கிட்டத்தட்ட அதேதான் மேடம். கல்யாண மண்டபம்னு வெச்சுக்குங்க. உள்ள சாப்பாடு நடக்குது. அது ஒரு வேலை. அதுல கை வெக்காம, வாசல்ல ஒரு ஆள நிறுத்தறோம். உள்ள போறவன் மேல பன்னீர் தெளிப்பான், வெளிய வரவனுக்குத் தாம்பூலப் பை குடுப்பான். சாப்பாடு அதே சாப்பாடுதான், சமையக்காரனுக்கு வாசல்ல நடக்குறது தெரியவே தெரியாது. இங்க அட்டை வெட்டுற வேலைக்கு வாசல்ல ‘சாட்சி’ன்னு ஒருத்தன உக்கார வெச்சிருக்குது இந்தப் பொண்ணு. யாரு அட்டை பட்டனத் தொட்டாலும் மொதல்ல அவன் பொட்டச் செவப்பாக்குவான், அப்புறம் உள்ள விடுவான், வேலை முடிஞ்சதும் மஞ்சளாக்குவான்.”

“வாசல்ல சாட்சியை நிறுத்தறதுன்னா,” என்று ஹேமலதா மெதுவாகச் சொன்னாள், “யாரோ திருட்டுத்தனமா உள்ள போறாங்கன்னு அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கு.”

ராஜ்குமார் பொறுமையிழந்து மவுஸுக்குக் கை நீட்டினான். “போதும், ஆஃப் பண்ணுங்க. கரண்ட்டு செலவு.”

“கை எடுங்க சார்.” அவள் குரலில் பழைய காக்கி எட்டிப் பார்த்தது. அவன் கையை எடுத்தான். தீனாவும் பயந்து தன் கையை எடுத்துவிட்டான். மவுஸ் மேஜை மேல் அநாதையாகக் கிடந்தது.

அப்போதுதான் பொட்டு சிவந்தது.

யாரும் தொடவில்லை. மூன்று பேரின் ஆறு கைகளும் மேஜைக்கு வெளியே. சிவந்து, மஞ்சளானது. பிறகு சற்று நிறுத்தி, இரண்டு தடவை விட்டு விட்டுச் சிவந்தது.

தீனா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். “மேடம்… ஆட்டோ தானாக் கெளம்புது.”

“தானாக் கெளம்புமா?”

“எனக்குக் கெளம்பியிருக்குது. கிளாஸ்ல நான் எழுதுன பட்டன் ஜன்னல் தொறந்ததுமே யாரும் தொடாம வேலைய முடிச்சிடுச்சு. ‘கூப்டுறப்போ வா’ன்னு டிரைவர் பேரை மட்டும் எழுதி வெக்கணும். நான் பேருக்குப் பின்னால பிராக்கெட்டும் போட்டு அங்கயே கூப்டுட்டேன். வாத்தியார் ஒரு வாரம் சிரிச்சாரு.”

“அந்தத் தப்பு இதுல இருக்கா, பாரு. நேரம் வெச்சுத் தானா ஓடுற மாதிரி ஏதாவது இருக்கா, அதையும் பாரு.”

தீனா பார்த்தான். வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் அவன் அப்படிப் படித்ததில்லை. விரலை வைத்து வரி வரியாக இறங்கினான். பிராக்கெட் இல்லை. கடிகாரம் இல்லை. நிலா சுத்தமாக எழுதியிருந்தாள்.

“இல்ல மேடம். இந்தப் பொட்டு செவக்கணும்னா மனுஷக் கை ஒண்ணு ‘அட்டை’ய அழுத்தணும். வேற வழியே இல்ல. இங்க இல்லாட்டி…” அவன் சுவர்ப் பெட்டியைப் பார்த்தான். “இதே புரோகிராம் ஓடுற வேற கம்ப்யூட்டர்ல. இந்த சாட்சி ஒயர் வழியா எல்லா மெஷினுக்கும் சொல்லிடறான்.”

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா ஏதோ…” என்று ஆரம்பித்த ராஜ்குமாருக்குப் பேச்சு நின்றது. பொட்டு மறுபடி சிவந்தது. ஒன்று. நிறுத்தி, இரண்டு.

அவன் முகம் வெளுத்துப்போனது. “டீ சிக்னல்,” என்றான். “ஐயையோ… அந்தப் பொண்ணு இங்கதான் எங்கியோ இருக்குது.”

நடிக்கிறானோ என்று தீனா உற்றுப் பார்த்தான். அப்படி நடிக்கத் தெரிந்தவன் ஆரணியில் பட்டு விற்றுக்கொண்டிருக்க மாட்டான்.

ஹேமலதா குனிந்து மவுஸைப் பிடித்தாள். ‘அட்டை’யை ஒரு முறை அழுத்தினாள். நிறுத்தி, இரண்டு முறை. பிறகு கையை எடுத்துவிட்டு மூச்சு விடாமல் நின்றாள்.

தெருவில் சத்தமில்லை. வீட்டில் சத்தமில்லை. பொட்டு மஞ்சளாகவே இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. சின்னதுரை கேட்டருகே இருமுவது இவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. கடவுளே, லேட்டாக வந்துவிட்டோமோ என்று தீனா வேண்டாத தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டான்.

பொட்டு சிவந்தது. ஒன்று, இரண்டு. உடனே மறுபடி ஒன்று, இரண்டு. அவசர அவசரமாக. அத்தோடு அடங்கிவிட்டது.

“உயிரோட இருக்கா,” என்றாள் ஹேமலதா. போனை எடுத்து வேலூரில் தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரிடம் நாலே வார்த்தை பேசி வைத்தாள். வைக்கும்போதே கதவருகே நிழல் விழுந்தது.

சம்பந்தம், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். “காக்காவுக்கு வெச்சாச்சு. ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?”

ஜன்னலுக்கு வெளியே மதில் மேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து சமையல்கட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. சோற்றைக் கண்ட காக்கை அப்படிக் கத்தாது என்று தீனாவுக்குத் தோன்றியது.

“ஒரே ஒரு உதவி,” என்றாள் ஹேமலதா சாதாரணமாக. “இந்த அட்டை பட்டனை ஒரு தடவை நீங்க அழுத்துங்களேன்.”

அவர் நெருப்பைக் கண்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். “ஐயோ, இன்னிக்கு நான் தொடமாட்டேம்மா! அப்பா காலத்துலேருந்து பழக்கம். ராஜ்குமார அழுத்தச் சொல்லுங்க.”

“அவர் அப்பவே அழுத்திட்டாரு. அவருக்கு அமாவாசையும் ஒண்ணுதான், ஆம்லெட்டும் ஒண்ணுதான். அவர் ஒரு பொண்ணை அடைச்சு வெச்சிருந்தா பட்டனை அவரே அழுத்தியிருப்பாரு. அவளை அழுத்தவிட்டிருக்க மாட்டாரு.” ஹேமலதா ஒரு அடி முன்னால் வந்தாள். “உங்களுக்குத்தான் இன்னிக்கு வேற கை வேணும். மத்த நாள்ல எல்லாம் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பட்டனை நீங்களே தட்டினீங்க. இன்னிக்கு ஆடி அமாவாசை. தறிக்காரர் வீட்டுக் கை படக்கூடாது. அவ கை பரவாயில்லைன்னு மவுஸை அவகிட்டக் குடுத்தீங்க. பல தடவை தட்டினப்போ என்ன சொன்னா? புரோகிராம் மெதுவா ஓடுதுன்னு சொன்னாளா?”

சம்பந்தத்தின் முகத்திலிருந்த வெண்ணெய் உறைந்தது.

“உங்க டிசைனைப் பவர்லூமுக்குக் குடுத்தது நீங்களேதான். ஆவணி முகூர்த்தத்துக்கு அட்டை இன்னிக்குப் போகணும், அவசரம். அதனாலதான் நாங்க இங்க இருக்கும்போதே காக்காவைச் சாக்கு வெச்சுப் போனீங்க.”

“படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்!” தீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “பொண்ணைப் பூட்டி வெக்கலாம், மவுஸைத் தொட்டாப் பாவமா? நல்லா இருக்குதுய்யா உங்க சாஸ்திரம்!”

“மாமா,” என்றான் ராஜ்குமார். “சாவியக் குடு.”

விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. ராஜ்குமார் அவர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான். ஹேமலதா டிசைன் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “தீனா, ஒயரைப் புடி!”

பச்சை விளக்குப் பெட்டியிலிருந்து ஜன்னல் வழியாக வெளியேறிய ஒயர் மதில் ஓரமாக ஓடியது. தீனா அதன் பின்னாலேயே ஓடினான். கிணற்றைத் தாண்டி, தென்னையைச் சுற்றி, ஒயர் அந்த ஓட்டுக் கொட்டகையின் கூரை இடுக்கில் நுழைந்தது. ஒரு காலத்தில் பட்டுக்குச் சாயம் போட்ட பட்டறை. முன் கதவில் துருப்பிடித்த பூட்டு. பின் கதவில் பளபளவென்று புதுப் பூட்டு.

“சின்னதுரை அண்ணே!” என்று தீனா அடித்தொண்டையில் கத்தினான். “ஜல்தி வாங்க! உங்க பொண்ணு இங்கதான் இருக்குது!”

அந்த வீட்டுக் கேட்டை ஒரு நாளும் தாண்டாத மனிதர் முற்றம், கூடம், பின்கட்டு எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு வந்தார். கிணற்றடியில் கிடந்த கடப்பாரையைப் போகிற போக்கில் எடுத்தார். பூட்டு இரண்டாவது அடியில் தெறித்தது.

உள்ளே இருட்டு. பழைய சாயத்தின் புளித்த நெடி. செப்பு அண்டாக்களுக்கு நடுவே ஒரு திரை மட்டும் வெளிச்சம் காட்டியது. அதன் முன்னால் நிலா. கணுக்காலில் சைக்கிள் சங்கிலி, உதடு வெடித்திருந்தது.

“அப்பா.”

சின்னதுரை கடப்பாரையைப் போட்டார். மகளின் காலடியில் உட்கார்ந்து அந்தச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எம்மா, எம்மா” என்று வாய்விட்டு அழுதார். தீனாவுக்கு வழக்கமாக வரும் ஒரு ஜோக்கும் வரவில்லை. அவன் கண்ணும் நிறைந்திருந்தது.

ஹேமலதா வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சம்பந்தத்தைப் பிடித்தபடி ராஜ்குமார்.

“கொஞ்ச நேரம் முன்னால பொட்டு செவந்துச்சு மேடம்,” என்றாள் நிலா. குரல் காற்றாக வந்தது. “யாரோ டிசைன் ரூம்ல இருக்காங்கன்னு தெரிஞ்சுது. கடைசித் துண்டு முடிஞ்சா என்னைய விடமாட்டாங்கன்னும் தெரியும். ஸ்லோவா இருக்குது, ஸ்லோவா இருக்குதுன்னு சொல்லி இழுத்துகினே இருந்தேன். திருப்பி நீங்க தட்டினப்போ…”

“சாட்சியை எதுக்கு வெச்சே?”

“நான் தொடாதப்போ அட்டை தயாராவுதுன்னு சந்தேகம். வெச்சதும் பொட்டு காட்டிக் குடுத்துச்சு. வேற எங்கியோ மெஷின் இருக்குதுன்னு புரிஞ்சுது. நம்பி அய்யாகிட்டயே போய்ச் சொன்னேன்.” அவள் சம்பந்தத்தைப் பார்க்காமல் சொன்னாள். “என் தப்பு.”

“உன் தப்பு ஒண்ணுமில்லம்மா,” என்றாள் ஹேமலதா. “முடிஞ்சுது. எழுந்திரு.”

சின்னதுரை மகளைத் தாங்கி எழுப்பினார். திரையை அணைக்கத் தீனா கை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

ஓரத்துப் பொட்டு சிவந்திருந்தது.

ஒன்று. நிறுத்தி, இரண்டு.

தீனா மவுஸைப் பார்த்தான். அதன் மேல் யார் கையும் இல்லை. “மேடம், டிசைன் ரூம்ல யாரு?”

ஹேமலதா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பூட்டிய அறையின் சாவி அதில் இருந்தது.

“தானா நடக்காது மேடம்,” என்றான் அவன். “யாராச்சும் தொட்டாத்தான்…” டிசைன் அறைச் சுவரில் இருந்த பச்சை விளக்குப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. ஒரு ஒயர் டிசைன் ரூமுக்கு. ஒரு ஒயர் இந்தக் கொட்டகைக்கு. சும்மா கிடக்கிறது என்று ராஜ்குமார் நம்பிய மூன்றாவது ஒயர், பெட்டியிலிருந்து நேரே கீழே இறங்கி வீட்டுத் தரைக்குள் போயிருந்தது.

நிலா அப்பாவின் தோளை இறுகப் பிடித்தாள். “அந்த சிக்னல் எனக்கும் சுபா அக்காவுக்கும் மட்டுந்தான்,” என்றாள். “சுபா அக்கா பெங்களூர் போகல.”

ராஜ்குமார் தன் பிடியில் இருந்த மாமாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டார். ஹேமலதா அதற்குள் வீட்டை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தாள்.

தீனா திரும்பி ஓடுமுன் கடைசியாகத் திரையைப் பார்த்தான். பொட்டு மறுபடி சிவந்தது. அவன் அடுத்த இரண்டுக்காகக் காத்து நின்றான். இந்தத் தடவை அது ஒன்றோடு நின்றுவிட்டது.